பத்திரமாகப் பூட்டி வைத்தது

வேன்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போகும்போது, வீடு வருவதற்கு ஒரு தெரு முன்னாலேயே ஹார்ன் அடித்துவிடுவார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் வீடுகளில் பரபரப்பு ஆரம்பமாகும். வேன் வாசலில் வந்து நிற்கும்போது பிள்ளை தலைவாரி, ஷூ மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் நிற்பதுபோல நின்றுகொண்டிருக்கும். அதற்கு முந்தைய நிமிஷம் வரை உள்ளே என்ன கூத்து நடந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய் யார் வாசலிலும் நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி.

அன்று காலை கடைசிப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத் தெருவில் திரும்பும்போது போன் அடித்தது. மறுவாழ்வு மையத்து எண். வேனை ஓரம் கட்டினார். பின்னால் பிள்ளைகள் ஒருவர் தண்ணீர் பாட்டிலை ஒருவர் பிடுங்கிக்கொண்டு காட்டுக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், மையத்து இன்சார்ஜ் பேசறேன்."

"சித்தப்பாவுக்கு ஏதாவது..."

"பதறாதீங்க சார், பத்திரமா இருக்கார். ஆனா பயிற்சிக்கு ஒத்துழைக்கவே மாட்டேங்கிறார். பிசியோ சொல்றது ஒண்ணையும் செய்றதில்ல. நாளைக்குச் சாயங்காலம் டாக்டர் வர்றார். இதே நிலைமைன்னா அவரைக் கீழ வச்சிருக்க முடியாது, மேல்மாடிக்கு மாத்திடுவோம். நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போடணும்."

"மேல்மாடின்னா?"

"படுக்கைப் பிரிவு சார். அங்க பயிற்சியெல்லாம் இருக்காது. வேளாவேளைக்குச் சாப்பாடு குடுத்து, உடம்பைத் துடைச்சு, பாத்துக்குவாங்க."

"அப்புறம் வீட்டுக்கு எப்ப..."

"வயசாயிடுச்சு இல்லையா சார்" என்று மட்டும் பதில் வந்தது.

போனை வைத்த பிறகும் வேன்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். "அங்கிள், பெல் அடிச்சிடப் போறாங்க" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்த பிறகுதான் கியரைப் போட்டார்.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்தில் ஆரம்பிக்கும் கதையை ஆறாவது மாடிக்குள் முடித்துவிடுவார். முடியாவிட்டால், இறங்க வேண்டிய ஆளே "சொல்லுங்க, இன்னொரு தடவை மேல போய் வருவோம்" என்று நின்றுவிடுவாராம். அப்படிச் சொல்வதும் சித்தப்பாதான், அதனால் முழுக்க நம்ப முடியாது. அண்ணன் செத்த பிறகு அண்ணன் பிள்ளையோடு வந்து தங்கியவருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பட்டப்பெயர் ரேடியோ. வயதானதும் காது போய்விட்டது. ரேடியோ மட்டும் நிற்கவில்லை. காது மிஷினை மாட்டிக்கொண்டால் சித்தப்பாவுக்கு ஊசி விழுந்தாலும் கேட்கும். கழற்றிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒரு நாள், யாரும் கேட்காமலேயே ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றப் போனார். விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி நடக்கப் பழக்க ஒரு மறுவாழ்வு மையத்தில் கொஞ்ச நாள் வைத்திருங்கள் என்றார்கள். மறுவாழ்வு மையம் என்றதுமே பக்கத்து வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, "சித்தப்பா குடிப்பாரா?" என்று விசாரித்தார். எலும்பு முறிந்தவர்களுக்கும், பக்கவாதம் வந்தவர்களுக்கும் கூட அப்படி ஒரு இடம் உண்டு என்று வேன்காரர் நாலு பேருக்கு விளக்கம் சொல்லிக் களைத்துப் போனார்.

சேர்த்த அன்று, துணிமணிகளோடு காது மிஷினையும் மாற்று பேட்டரிகளையும் ஒரு சின்னப் பையில் போட்டு, சிவப்பு நூலால் இறுகக் கட்டிக் கொடுத்தாள் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ட்ரெச்சரில் வந்ததால் சித்தப்பா அதைக் காதில் மாட்டியிருக்கவில்லை. வேன்காரர் பையை மையத்து ஆயாம்மா கையில் கொடுத்து, "இதை மட்டும் பத்திரமா பாத்துக்கம்மா. தொலைஞ்சா மனுஷன் எங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்" என்றார்.

"பூட்டியே வச்சிடறேன் சார்."

"ஆமாமா, பூட்டியே வையி. அதான் நல்லது" என்று சிரித்துவிட்டு வந்தார். ராத்திரிக்குப் பூட்டி வைத்துப் பகலில் மாட்டிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. இதையெல்லாமா சொல்ல வேண்டும்?

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருந்தார். பார்க்க வருகிறவர்கள் அரை மணி நேரம் முன்னால் போனில் சொல்லிவிட வேண்டும் என்பது மையத்தின் விதி. வேன்காரருக்கு அந்த விதி ரொம்பப் பிடித்திருந்தது. அவர் போய்ச் சேரும்போது பார்வையாளர் கூடத்தில் சித்தப்பா தயாராக இருப்பார். முகம் மழித்து, பவுடர் போட்டு, சலவைச் சட்டை போட்டு, ஏ.சி. குளிருக்காகக் காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாவோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வீட்டில்கூட நாம் இவ்வளவு அக்கறையாகக் குல்லா மாட்டியிருக்க மாட்டோம் என்று வேன்காரருக்கு நெஞ்சு நெகிழும்.

"நல்லா இருக்கீங்களா சித்தப்பா?" தலை ஆடும்.

"சாப்பாடெல்லாம் ஒழுங்கா குடுக்கறாங்களா?" அதற்கும் ஆடும்.

வாரத்துக்கு வாரம் சித்தப்பா இளைத்துக்கொண்டே போனார். பேச்சு நின்றே போனது. "ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா போகுது சார். இந்த வயசுல அப்படித்தான் உள்ளுக்குள்ள ஒடுங்கிடுவாங்க" என்றாள் இன்சார்ஜ் மேடம். வேன்காரர் வருத்தப்பட்டார். ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. வீடு அமைதியாகியிருந்தது. காலையில் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அரசியல் பேச ஆளில்லை. டிவி பார்க்கும்போது அடுத்து என்ன நடக்கும் என்று முந்திக்கொண்டு சொல்ல ஆளில்லை. இரண்டு வாரத்தில் அந்த அமைதி அவருக்குப் பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், பிடித்தும்விட்டது.

அன்று சாயங்காலம், மருந்துக்கடை வேலை முடிந்து வந்த மனைவியிடம் மேல்மாடி விஷயத்தைச் சொன்னார். அவள் கைப்பையைக்கூட வைக்காமல் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஒத்துழைக்க மாட்டேங்கிறாரா? நம்ம மாமாவா? யாரும் கேக்காமலே ஸ்டூல் மேல ஏறினவரு, காலைத் தூக்குன்னு சொன்னா தூக்க மாட்டேங்கிறாராமா?"

"மேடம் அப்படித்தான் சொல்றாங்க."

"பேசவும் மாட்டேங்கிறார்ங்கறீங்க. எனக்கு என்னவோ சரியாப் படலைங்க. ஒரு தடவை சொல்லாம போய்ப் பாருங்களேன்."

"அது எப்படிம்மா? அவங்களுக்கு அங்க ஆயிரம் வேலை இருக்கும். திடுதிப்னு போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

"நம்ம மாமாவைப் பாக்க நாம போறதுக்கு எதுக்குங்க நாள் நட்சத்திரம் பாக்கணும்?"

அதற்குள், காலையிலேயே அவர் விஷயம் சொல்லியிருந்த வெளியூர் அக்கா போன் பண்ணிவிட்டாள். அவள் எப்போதும் அவசரத்தில்தான் இருப்பாள். "டேய் தம்பி, கையெழுத்தைப் போட்டுடுடா. நீயும் உன் பெண்டாட்டியும் வேலைக்குப் போறீங்க. வீட்டுல வச்சு யார் தூக்கறது, யார் துடைக்கறது? அங்கன்னா பத்திரமா பாத்துப்பாங்க" என்றாள். பத்திரமா என்ற வார்த்தையை அன்று அவர் எத்தனையாவது தடவையாகக் கேட்கிறாரோ தெரியவில்லை. அக்கா சொல்வதில் நியாயம் இருந்தது. மனைவி சொல்வதிலும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, போட்ட சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நாளைக்குக் கையெழுத்துப் போட்டால் சித்தப்பா திரும்பி வரமாட்டார். போடாவிட்டால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. மதியத்துக்கு முன்பே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி பிள்ளைகள் வேனில் குதித்தார்கள். வேன்காரர் மனசு எங்கேயோ இருந்தது. ஹார்ன் அடிக்க மறந்து ஒரு வீட்டு வாசலில் போய் நின்றார். அவருடைய வேனில் வரும் பிள்ளைகளிலேயே மடிப்புக் கலையாத பிள்ளை அந்த வீட்டுப் பெண்தான். பெல்லை அழுத்தினார். கதவைத் திறந்த அம்மாவின் தலையில் ஈரத் துண்டு. கூடம் முழுக்கத் துணி மலை. சின்னவன் கீழே ஒன்றும் போடாமல், வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு சோபா மேல் நின்று குதித்துக்கொண்டிருந்தான்.

"அய்யோ அண்ணே! ஒரு ஹார்ன் அடிச்சிருக்கக் கூடாதா? வீடு கிடக்கிற கிடப்பைப் பாருங்க!" என்று அந்த அம்மா வெட்கத்தில் கதவைப் பாதி மூடிக்கொண்டாள். அவளும் சிரித்தாள், அவரும் சிரித்தார்.

வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் போன் பண்ணியது நினைவுக்கு வந்தது. பவுடர் பூசிய முகம் நினைவுக்கு வந்தது. இத்தனை வாரமும் ஹார்ன் அடித்துவிட்டுத்தானே போயிருக்கிறோம்!

கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டதும் வேன் நேரே மையத்துக்குப் போனது. அந்தத் தெருவில் திரும்பும்போது பழக்க தோஷத்தில் கை ஹார்னுக்குப் போனது. இழுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே சார்" என்றார் வாட்ச்மேன். "போன் பண்ணீங்களா?"

"இல்ல."

"அப்ப கூடத்துல உக்காருங்க. உள்ள சொல்லிட்டு வந்துடறேன்."

வாட்ச்மேன் உள்ளே போன வழியிலேயே வேன்காரரும் பின்னால் நடந்தார். வாழ்க்கையில் இப்படி யார் இடத்திலும் அவர் நுழைந்ததில்லை. பார்வையாளர் கூடத்தைத் தாண்டி ஒரு கதவு. அதைத் தள்ளியதும் வாசனை மாறியது. மூத்திரமும் பினாயிலும் கலந்த நெடி. நீளமான ஒரு அறை. மூலையில் டிவி அலறிக்கொண்டிருந்தது. லிப்டைப் பார்த்தபடி ஏழெட்டுச் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. கடைசி நாற்காலியில் சித்தப்பா இருந்தார்.

ஒரு பழைய போர்வையை இடுப்பில் சுற்றி நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். நாலைந்து நாள் தாடி. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. உட்கார்ந்த இடம் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. சாப்பாட்டுத் தட்டும் தண்ணீர் டம்ளரும் கைக்கு எட்டாத தூரத்தில் ஒரு மேஜை மேல், ஈ மொய்க்க இருந்தன. உதடு வெடித்திருந்தது. அந்தக் கம்பளிக் குல்லா, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காகவோ என்னவோ, நாற்காலிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

முன்னால் நின்ற பிசியோ பெண் எல்லோருக்குமாகச் சேர்த்துக் கைதட்டிக் குரல் கொடுத்தாள். "வலது காலைத் தூக்குங்க! ஒண்ணு, ரெண்டு... இப்ப இடது கால்!" அவள் அறைக்கு அந்தக் கோடியில் இருந்தாள். சில கால்கள் உயர்ந்தன. சித்தப்பா லிப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசித் தாத்தா இன்னைக்கும் செய்யலை" என்று ஆயாம்மாவிடம் சொல்லிவிட்டு அவள் அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டாள்.

வேன்காரர் சித்தப்பாவின் முன்னால் போய் மண்டியிட்டார். "சித்தப்பா!"

சித்தப்பா அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பிய அந்தப் பக்கத்துக் காதை அப்போதுதான் வேன்காரர் கவனித்தார். காது வெறுமையாக இருந்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தார். அதுவும் அப்படித்தான்.

"மிஷின் எங்க?" என்று கத்தினார். டிவி சத்தத்தையும் மீறி அந்தக் குரல் கேட்டது. அது அவர் குரல் மாதிரியே இல்லை. "இவர் காது மிஷின் எங்க?"

ஆயாம்மா ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. அத்தனை நாற்காலிக்கும் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது. "அலமாரில இருக்கு சார். நீங்கதானே பத்திரமா பூட்டி வைக்கச் சொன்னீங்க?"

வேன்காரருக்கு யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

"ராத்திரிக்குத்தானேம்மா சொன்னேன்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். ராத்திரிக்கு என்று அவர் சொல்லவே இல்லையே!

"எனக்கென்ன தெரியும் சார்? தொலைஞ்சா என் தலையில விடியும். நீங்களே பூட்டச் சொன்னீங்க, பூட்டினேன்" என்றாள் ஆயாம்மா. பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "ஒவ்வொருத்தருக்கா மாட்டி, கழட்டி, பேட்டரி மாத்தன்னு நின்னா மத்த வேலை எப்படி சார் ஓடும்? இவர் சத்தம் போடாம இருந்தாரு. நானும் விட்டுட்டேன்" என்றாள்.

அலமாரியைத் திறந்து பையை எடுத்து வந்தாள். சிவப்பு நூல் முடிச்சு மனைவி போட்டது போட்டபடி இருந்தது. ஆறு வாரமாக அதை யாரும் அவிழ்க்கவில்லை. வேன்காரர் எவ்வளவு இழுத்தும் முடிச்சு அவிழ மாட்டேன் என்றது. பல்லால் கடித்து அறுத்தார். புது பேட்டரியைப் போட்டுச் சித்தப்பாவின் காதில் மாட்டினார். கீ என்று ஒரு விசில் சத்தம் எழுந்து அடங்கியது.

"சித்தப்பா! கேக்குதா? சித்தப்பா!"

"கத்தாதடா. கேக்குது."

எத்தனையோ நாளாக உபயோகப்படுத்தாத குரல். கரகரத்தது. வேன்காரர் தண்ணீர் டம்ளரை எடுத்துக் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சித்தப்பா அவரை நேராகப் பார்த்தார்.

"என்ன முடிவு பண்ணீங்க?"

"என்ன முடிவு சித்தப்பா?"

"என்னை மேல அனுப்பறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கல்ல? அது என் காதுல விழக் கூடாதுன்னுதானே மிஷினைப் பூட்டி வைக்கச் சொன்னே?"

"அய்யோ, இல்ல சித்தப்பா! தொலைஞ்சுடப் போகுதேன்னு..."

"முதல் நாளே இந்தம்மாகிட்ட கேட்டேன், எங்கம்மா என் மிஷின்னு. அது வாசலைக் காட்டுச்சு. கையை இப்படி இப்படி வச்சு வண்டி ஓட்டிக் காட்டுச்சு. அப்புறம் பூட்டுப் போட்டுக் காட்டுச்சு. வேன் ஓட்டறவன் பூட்டச் சொல்லிட்டான்னு அர்த்தம். நான் வேற என்னடா நினைக்கறது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"எதுக்குக் கேக்கணும்? வர்றே. வாயை அசைக்கறே. கடிகாரத்தைப் பாக்கறே. நான் தலையாட்டினா உனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. சரி, ஆட்டிட்டுப் போவோம்னு ஆட்டினேன்." சித்தப்பா லிப்ட் பக்கம் கையை நீட்டினார். "நான் லிப்ட்லயே வாழ்ந்தவன்டா. இத்தனை நாளா இதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். மேல போற நாற்காலியில ஆள் இருக்கு. கீழ வர்றப்ப நாற்காலி காலியா வருது. ஒருத்தர்கூட இறங்கி வரலைடா."

வேன்காரர் அழுதார். அத்தனை பேருக்கு முன்னால், தரையில் மண்டியிட்டபடியே, சித்தப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருக்கு வெட்கமாகவும் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது என்று தான் நிம்மதிப்பட்ட நாட்களில், இந்த மனுஷன் இங்கே நாற்காலியில் கட்டப்பட்டு, தண்ணீர் எட்டாமல், தன் முறை எப்போது வரும் என்று லிப்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

பிசியோ பெண் பக்கத்தில் வந்து நின்றாள். "இவருக்குக் காது கேக்காதுன்னு என்கிட்ட யாருமே சொல்லலை சார்" என்றாள்.

"நீ வந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனேம்மா" என்றார் சித்தப்பா. "அங்கேருந்தே கைதட்டிட்டுப் போயிட்டியே."

அவள் கட்டியிருந்த போர்வையை அவிழ்த்தாள். குனிந்து, அவர் முகத்துக்கு நேராக, "வலது காலைத் தூக்குங்க" என்றாள். சித்தப்பா பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கால் தரையை விட்டு ஒரு விரல் அளவு எழுந்து, தொப்பென்று விழுந்தது. அவ்வளவுதான். ஆனால் எழுந்தது.

இன்சார்ஜ் மேடம் வேகவேகமாக வந்தாள். "சார், சொல்லாம உள்ள வரக் கூடாதுன்னு விதி இருக்கு. பார்க்க வர்றவங்களுக்கு நல்லபடியா காட்டணும்னுதானே நாங்க..."

"காட்டறதுக்கா மேடம் இங்க சேர்த்தேன்?" என்றார் வேன்காரர். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "இவரைச் சுத்தம் பண்ணணும். நானும் கூட நிக்கிறேன். டாக்டர் வர்ற வரைக்கும் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன்."

உடை மாற்றும்போது முதுகுக்குக் கீழே புண் ஒன்று தெரிந்தது. உட்கார்ந்தே இருந்ததில் தோல் உரிந்து, சிவந்து, ஓரத்தில் சீழ் கோத்திருந்தது. ஆயாம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வேன்காரர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்குத் தனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். புண்ணைப் பார்த்தார். காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். நடந்ததைக் கேட்டார். "அப்படின்னா இத்தனை நாளா செவுத்துக்குத்தான் பயிற்சி சொல்லிக் குடுத்திருக்கோம்" என்று இன்சார்ஜ் மேடத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு வேன்காரரிடம் திரும்பினார். "மேல்மாடி வேண்டாம். முதல்ல புண் ஆறட்டும், கூடவே பயிற்சியைப் புதுசா ஆரம்பிக்கலாம். ஆனா போன தெம்பு அவ்வளவு சுலபமா திரும்பாது. பழைய மாதிரி நடப்பார்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

"நடந்துடுவேன்" என்றார் சித்தப்பா. "மாடி ஏற வேண்டாம்னு சொல்லிட்டீங்கல்ல, அது போதும்."

அதன் பிறகு வேன்காரர் வேளை கெட்ட வேளையில் போய் நின்றார். பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனார், ஏற்றுவதற்கு முன்னால் போனார். மருந்துக்கடையிலிருந்து மனைவி போனாள். வெளியூர் அக்காகூட ஒரு நாள் சொல்லாமல் வந்து இறங்கினாள். புண்ணைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். போகும்போதெல்லாம் மிஷின் காதில் இருந்தது, தண்ணீர் கைக்கு எட்டியது. சித்தப்பாவுக்கு மட்டுமில்லை, பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கும் எட்டியது. யார் எப்போது வருவார்கள் என்று தெரியாத இடத்தில் ஒழுங்கு தானாக வந்துவிடுகிறது. ரேடியோவும் பழையபடி பாட ஆரம்பித்தது. பிசியோ பெண்ணே ஒரு நாள், "தாத்தா, கதையை அப்புறம் சொல்லுங்க, முதல்ல காலைத் தூக்குங்க" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

சித்தப்பா வீட்டுக்குப் புறப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய நடை இல்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, நாலடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி, வேன் வரைக்கும் தானே நடந்து வந்தார். இனிமேல் வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வீணாய்ப் போன அந்த வாரங்களை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்த வலி வேன்காரர் மனசில் முள் மாதிரி தைத்துக்கொண்டேயிருந்தது. சித்தப்பாவை முன் சீட்டில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, துணிப்பையை எடுக்க மறுபடி உள்ளே போய்த் திரும்பினார்.

கேட்டுக்கு வெளியே ஒரு பெண் போனும் கையுமாக நின்றிருந்தாள். நல்ல உடுப்பு, களைத்த முகம். "அம்மாவைப் பாக்க வர்றேங்க. ஆமா, கிளம்பிட்டேன். இன்னும் அரை மணி நேரத்துல வந்துடுவேன்" என்று பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும், வேன்காரர் தன்னையே பார்ப்பதைக் கவனித்து, கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தாள். "சீக்கிரமே வந்துட்டேன். முன்னாடியே சொல்லணும்னு விதியாச்சே, அதான் இங்கயே நிக்கறேன். அம்மா இப்பல்லாம் ரொம்ப அமைதியாயிட்டாங்க. பத்திரமா பாத்துக்கறாங்க இங்க."

வேனிலிருந்து நீளமாக ஒரு ஹார்ன் சத்தம் கேட்டது. "டேய், அங்க யார்கூடடா கதை? என்னைக் கிண்டல் பண்ணிட்டு நீ ரேடியோவாயிட்டியா?" என்று சித்தப்பா தலையை நீட்டிக் கத்தினார்.

"இதோ வந்துட்டேன் சித்தப்பா!" என்றார் வேன்காரர். ஆனால் போகவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் இப்படிப் பேசுவது அவர் குணமே இல்லை.

"தப்பா நினைக்காதம்மா. அரை மணி நேரம் நிக்காத. இப்பவே உள்ள போ. வாட்ச்மேன் கூடத்துல உக்காரச் சொல்வார், உக்காராத. கூடத்தைத் தாண்டி ஒரு கதவு இருக்கு, அதைத் தள்ளிட்டுப் போ. பத்திரமா இருக்காங்களான்னு யாரையும் கேக்காத, அதை நான் நிறையக் கேட்டுட்டேன். தண்ணி கைக்கு எட்டுதான்னு பாரு. முதுகைத் தொட்டுப் பாரு. அமைதியா இருக்காங்கன்னு சொன்னா சந்தோஷப்படாத, ஏன் அமைதியா இருக்காங்கன்னு அவங்க முகத்தைப் பாத்துக் கேளு. பத்திரமா வைக்கறதுக்கு அவங்க ஒண்ணும் பொருள் இல்லம்மா. பெத்தவங்களை ஒரு இடத்துல சேத்துட்டா நம்ம கடமை முடிஞ்சுடுதுன்னு நினைக்கறோம் பாரு, அங்கதான் எல்லாக் கொடுமையும் ஆரம்பிக்குது. அப்புறம், இனிமே வர்றப்ப ஹார்ன் அடிக்காம வாம்மா."

கடைசியில் சொன்னது அவளுக்குப் புரிந்ததோ என்னவோ. பிறகு போனைக் கைப்பைக்குள் போட்டு, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.